கெர்னலுக்குள் நினைவகத்தைத் தொடும் முறை: முதல் டிரைவர் எழுதுவோருக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டே லினக்ஸ் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் உள்மையம்) டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) எழுதப் பழகலாம். 8 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினி, கைப்பேசி டேட்டா, சி மொழியில் பாயின்டர் பற்றிய தெளிவு, இவ்வளவு இருந்தால் போதும். இந்தக் கட்டுரை ஒரே வேலையை எடுத்துக்கொள்கிறது: பயனர் நிரல் கொடுக்கும் நினைவக முகவரியைக் கெர்னல் பக்கத்திலிருந்து படிப்பதும் அதில் எழுதுவதும். புதியவர்களின் டிரைவர் பெரும்பாலும் முதலில் உடைவது இங்கேதான்.

ஃபங்ஷன் பெயர்களையும் கட்டளைகளையும் உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது அடிக்கோடு உட்பட ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

பழகுவதற்கு ஒரு பொம்மை டிரைவர் வைத்துக்கொள்வோம். ரப்பர்த் தோட்டத்துப் பால் ஸ்டோரில் ஆள்வாரியாக எடையைப் பதியும் பெட்டி அது. ஒரு பதிவில் மூன்று புலங்கள்: பாலா கட்டிப்பாலா என்று சொல்லும் 1 பைட் வகை, 4 பைட் ஆளெண், கிராம் கணக்கில் 8 பைட் எடை. பயனர் நிரல் முதலில் 16 பைட் தலைப்பு ஒன்றை ஐஆக்டல் (டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் சிஸ்டம் கால்) வழியாக அனுப்பும். அதில் 4 பைட் எண்ணிக்கை, 4 பைட் கொடி, பதிவுகள் இருக்கும் இடத்தைக் காட்டும் 8 பைட் முகவரி. முகவரியை ஏன் பாயின்டராக வைக்காமல் 8 பைட் எண்ணாக வைக்கிறோம்? 32 பிட் நிரலில் பாயின்டர் 4 பைட்தான். எண்ணாக வைத்தால் இரண்டு வகை நிரலுக்கும் அமைப்பு ஒன்றாகவே இருக்கும். கெர்னலுக்குள் வந்ததும் யூ64_டு_யூசர்_பிடிஆர் அதைப் பாயின்டராக மாற்றிக் கொடுக்கும்.

முதலில் பட்டறை

சொந்தக் கணினியின் கெர்னலில் நேரடியாகச் சோதிக்க வேண்டாம். கெர்னல் ஒரு தவறான இடத்தில் எழுதினால் கோப்பு முறையே கெட்டுப்போகலாம். கியூஎமு அல்லது விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு மெய்நிகர் கணினி அமையுங்கள்: 2 கோர், 2 ஜிபி நினைவகம், 25 ஜிபி வட்டு, டெபியன் 13. கோர் கட்டாயம் இரண்டு இருக்கட்டும், ஏனென்றால் ஒரே கோரில் பின்னால் வரும் இரட்டைப் படிப்புப் பிழை எளிதில் முகம் காட்டாது. பில்ட்-எசென்ஷியல் தொகுப்பையும், ஓடும் கெர்னலுக்குப் பொருந்தும் லினக்ஸ்-ஹெடர்ஸ் தொகுப்பையும் நிறுவி முடித்த கையோடு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். டிரைவர் விழுந்தால் அங்கே திரும்பினால் போதும். சாயங்காலம் இடி மழை கட்டினால் மெய்நிகர் கணினியை முறையாக நிறுத்திவிடுங்கள். கரண்ட் போய் வட்டுக் கோப்பு பாதியில் நின்றால், பிழை டிரைவரிலா வட்டிலா என்று தேடுவதிலேயே ராத்திரி போய்விடும்.

இன்னொன்றையும் பாருங்கள். மெய்நிகர் கணினிக்குள் ப்ராக் அடைவில் உள்ள சிபியுஇன்ஃபோ கோப்பில் 'ஸ்மாப்' என்ற கொடி இருக்கிறதா? இன்டெலில் 2014-இல் வந்த பிராட்வெல் முதலும், ஏஎம்டியில் 2017-இன் ஸென் முதலும் இந்த வசதி உண்டு. கெர்னல் பயனரின் நினைவகப் பக்கங்களை (பக்கம் என்பது 4096 பைட் துண்டு) தற்செயலாகத் தொட்டால் சிபியுவே தடுத்துவிடும். கியூஎமுவில் சிபியு வகையை 'ஹோஸ்ட்' என்று கொடுத்தால் கொடி உள்ளேயும் தெரியும். கொடி இல்லாத கணினியில் தவறான டிரைவரும் சமர்த்தாக ஓடும். 'என் மெஷினில் ஓடுகிறதே' என்ற பேச்சு பாதி இங்கிருந்துதான் வருகிறது.

அந்த முகவரி ஏன் ஆபத்து

பயனர் அனுப்பும் பாயின்டர், கெர்னலைப் பொறுத்தவரை முன்பின் தெரியாத ஒருவர் எழுதிக் கொடுத்த 64 பிட் எண். அது பூஜ்யமாக இருக்கலாம். எதுவுமே ஒதுக்கப்படாத இடத்தைக் காட்டலாம். சரியான இடமாகவே இருந்தும், அந்தப் பக்கம் ஸ்வாப்புக்கு (வட்டில் உள்ள தற்காலிக இடம்) போயிருக்கலாம். இவை மூன்றும் கணினியை விழவைக்கலாம், அவ்வளவுதான். நான்காவதுதான் மோசம்: அது கெர்னலின் சொந்த முகவரியாக இருக்கலாம். வழக்கமான நான்கடுக்கு எக்ஸ்86-64 அமைப்பில் கீழ்ப்பாதி 128 டெராபைட் பயனருக்கு, மேல்பாதி கெர்னலுக்கு. மேல்பாதி முகவரியைப் பயனர் தானாகத் தொட முடியாது. ஆனால் அதை உங்கள் டிரைவரிடம் கொடுத்து 'இங்கே எழுது' என்றால், டிரைவருக்கு அந்த உரிமை இருக்கிறது. நம் விரலை வைத்தே நம் கண்ணைக் குத்தும் வேலை.

அதனால் பயனர் பாயின்டரை நட்சத்திரக் குறி போட்டோ அம்புக்குறி போட்டோ நேரடியாகத் திறக்கக் கூடாது. அறிவிக்கும்போதே '__யூசர்' என்ற குறியைச் சேருங்கள். கம்பைலர் அதைப் பொருட்படுத்தாது. ஸ்பார்ஸ் என்ற சோதனைக் கருவி பொருட்படுத்தும்.

நகல் எடுப்பது

பயனர் நினைவகத்திலிருந்து கெர்னலுக்கு நகலெடுக்கும் காப்பி_ஃப்ரம்_யூசர் மூன்று காரியம் செய்கிறது. கேட்ட நீளம் முழுவதும் பயனர் பாதிக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறது. ஸ்மாப் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து மூடுகிறது. நகலெடுக்கும் கட்டளைகளை ஒரு விதிவிலக்குப் பட்டியலில் முன்கூட்டியே பதிந்து வைத்திருக்கிறது. முகவரி பொய்யாக இருந்து பேஜ் ஃபால்ட் (பக்கத்தைத் தொட முடியவில்லை என்ற சிபியு அறிவிப்பு) வந்தால், கெர்னல் அந்தப் பட்டியலைப் பார்த்து மாற்று வழியில் வெளியேறும், ஊப்ஸ் (கெர்னல் விழும்போது தரும் பிழை அறிக்கை) வராது. முகவரி மெய்யாக இருந்து பக்கம் மட்டும் ஸ்வாப்பில் இருந்தால், அதை உள்ளே கொண்டுவந்து வேலையைத் தொடரும். அதுவரை உங்கள் ஃபங்ஷன் தூங்கும் என்பதை நினைவில் வையுங்கள், கீழே அது திரும்ப வரும்.

1, 2, 4, 8 பைட் அளவுள்ள ஒற்றை எண்ணுக்குக் கெட்_யூசர், புட்_யூசர் போதும். திருப்பி எழுத காப்பி_டு_யூசர். எழுத்துச் சரத்துக்கு ஸ்ட்ரென்காப்பி_ஃப்ரம்_யூசர்.

பெயருக்கு முன்னால் இரட்டை அடிக்கோடு போட்ட வகைகளும், 'அன்சேஃப்' என்று தொடங்கும் வகைகளும் எல்லைச் சோதனையைத் தாங்களே செய்யாது. ஆக்ஸஸ்_ஓகே-யை நீங்கள் முன்பே அழைத்திருக்க வேண்டும். கெர்னலை எழுதிப் பழுத்தவர்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள். 2017-இல் வந்த 4.13 பதிப்பில் வெயிட்ஐடி என்ற சிஸ்டம் காலில் அந்த ஒரு அழைப்பு விட்டுப்போனது. சாதாரணப் பயனர் கெர்னல் முகவரியைக் கொடுத்து அங்கே எழுதவைக்க முடிந்தது. அதன் பதிவு எண் சிவிஈ-2017-5123. புதியவர்களுக்கு அந்த வகைகளால் ஆகப்போவது ஒன்றுமில்லை. தொடாதீர்கள்.

ஆக்ஸஸ்_ஓகே மட்டும் பார்த்துவிட்டு நேரடியாகப் படிக்கலாமா என்றால், கூடாது. முகவரி பயனர் பாதியில் விழுகிறது என்று மட்டும்தான் அது சொல்லும். அங்கே பக்கம் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

பழைய பாடங்களைப் படிக்கும்போது இரண்டு அடையாளம். ஆக்ஸஸ்_ஓகே-க்கு மூன்று மதிப்புகள் கொடுத்திருந்தால் அது 5.0-க்கு முந்தையது. செட்_எஃப்எஸ் என்று இருந்தால் அதுவும் கெர்னலிலிருந்து தூக்கப்பட்டுவிட்டது. அந்தப் பாடத்தை மூடிவிட்டு வேறு பாருங்கள்.

திரும்பி வரும் எண்

காப்பி_ஃப்ரம்_யூசர் திருப்பித் தருவது 'நகலாகாமல் மிச்சமான பைட் எத்தனை' என்ற எண். 0 என்றால் வெற்றி. தோல்வியில் எதிர்ம எண் வராது. 'பூஜ்யத்துக்குக் கீழே போனால் பிழை' என்று எழுதினால் அந்தச் சோதனை ஒருநாளும் பிடிக்காது. அந்த எண்ணை அப்படியே ரைட் ஃபங்ஷனிலிருந்து திருப்பினால் இன்னும் வேடிக்கை: 6 பைட் மிச்சம் என்று கெர்னல் சொன்னதைப் பயனர் நிரல் '6 பைட் எழுதியாயிற்று' என்று எடுத்துக்கொள்ளும். மிச்சம் பூஜ்யமில்லை என்றால் ஈஃபால்ட், அதாவது −14, திருப்புங்கள். கெட்_யூசர் இதற்கு மாறாக நேராக 0 அல்லது −14 தரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு.

ஒரே முறை படியுங்கள்

முழுக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனதில் வைக்க இடமிருந்தால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

பால் ஸ்டோரில் கிராணி (கணக்கர்) வாளியிலிருந்து கொஞ்சம் பால் எடுத்து, மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, கெட்டித்தன்மை பார்க்கிறார். எண்ணை எழுதக் குனிகிறார். அந்த நேரத்தில் வாளிக்குள் ஒரு குவளைத் தண்ணீர் விழுகிறது. பிறகு வாளி தராசில் ஏறுகிறது. கெட்டித்தன்மை பழைய பாலுடையது, எடை புதுப் பாலுடையது. இரண்டு எண்ணும் தனித்தனியே சரி, சேர்த்துப் பெருக்கினால் கணக்கு பொய்.

டிரைவரில் இதே கதைதான். கெட்_யூசர் வைத்து எண்ணிக்கையைப் படிக்கிறீர்கள், 10 என்று வருகிறது, அதற்கேற்ப 160 பைட் ஒதுக்குகிறீர்கள். பிறகு தலைப்பு முழுவதையும் காப்பி_ஃப்ரம்_யூசரால் இன்னொரு முறை எடுத்து, அதில் உள்ள எண்ணிக்கைப்படி சுற்று ஓட்டுகிறீர்கள். இடையில் அதே பயனர் நிரலின் இன்னொரு த்ரெட் எண்ணிக்கையை 5000 ஆக்கிவிட்டது. 160 பைட் பஃபரில் 80,000 பைட் எழுதப்படுகிறது. இதற்கு இரட்டைப் படிப்பு என்று பெயர். பூட்டுப் போட்டுத் தடுக்க முடியாது, ஏனென்றால் பயனர் நினைவகத்துக்கு உங்கள் பூட்டு பொருந்தாது. பயனரிடமிருந்து ஒரு முறை நகலெடுங்கள், நகலைச் சோதியுங்கள், அதன்பின் நகலை மட்டுமே பயன்படுத்துங்கள். பயனரின் மூலத்தை மறுபடி எட்டிப் பார்க்காதீர்கள்.

நம் பெட்டியின் ஐஆக்டல் இந்த வரிசையில் போகும்:

1. தலைப்பின் 16 பைட்டை ஒரே அழைப்பில் நகலெடு. மிச்சம் இருந்தால் −14.
2. நகலில் கொடி பூஜ்யம் இல்லையா? −22 (ஈஇன்வால், தவறான மதிப்பு). எண்ணிக்கை 0 அல்லது 256-க்கு மேலா? −22.
3. நகலில் உள்ள எண்ணிக்கையை வைத்து மெம்டப்_அரே_யூசரை அழை. அதுவே இடம் ஒதுக்கிப் பதிவுகளை நகலெடுக்கும்.
4. ஒவ்வொரு பதிவின் வகையையும் எடையையும் நகலிலேயே சரிபார்.
5. மியூடெக்ஸ் என்ற பூட்டைப் பூட்டு, பட்டியலில் சேர், திற.
6. தற்காலிக நகலைக் கேஃப்ரீ செய் (ஒதுக்கிய இடத்தை விடுவி). பிழையில் வெளியேறும் வழிகளிலும் இதை மறக்காதே.

கொடி இன்று எதற்கும் பயன்படவில்லை. இருந்தாலும் பூஜ்யம் இல்லாவிட்டால் மறுத்துவிடுங்கள். இன்று குப்பையை ஏற்றுக்கொண்டால், நாளை அந்தக் கொடிக்கு ஒரு பொருள் கொடுக்கும்போது பழைய நிரல்கள் உடையும்.

மூன்றாம் படியில் ஒரு பொறி. மெம்டப் வகைகள் தோற்றால் நல் பாயின்டர் தராது, பிழை எண்ணைப் பாயின்டர் வடிவத்தில் பொதிந்து தரும். இஸ்_எர் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். நல்-ஆ என்று மட்டும் பார்த்தால் பிழை எண்ணை முகவரி என்று நம்பித் திறப்பீர்கள்.

அளவுக் கணக்கு

256 × 16 = 4096, சரியாக ஒரு பக்கம். எல்லையை 256 என்று வைத்ததற்கு அது ஒரு காரணம். எல்லையே வைக்காமல் 32 பிட்டில் பெருக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். பயனர் எண்ணிக்கையை 268,435,457 என்று தருகிறார். 16-ஆல் பெருக்கினால் 4,294,967,312. இது 32 பிட்டில் அடங்காமல் சுற்றி வந்து 16 ஆகிவிடும். 16 பைட் ஒதுக்கிவிட்டு 268 மில்லியன் பதிவுகளுக்குச் சுற்று ஓடும். அரே_சைஸ், ஸ்ட்ரக்ட்_சைஸ் ஆகியவை வழிந்தால் மிகப் பெரிய எண்ணைத் தரும், ஒதுக்கீடு தோற்றுப்போகும், ஆபத்து அங்கேயே நின்றுவிடும். கையால் நட்சத்திரக் குறி போட்டுப் பெருக்காதீர்கள். எண்ணிக்கையை 'இன்ட்' என்றும் அறிவிக்காதீர்கள். −1 என்பது 256-ஐ விடச் சிறியதுதானே, சோதனையைத் தாண்டிவிடும்.

வந்தது எத்தனை, படிப்பது எத்தனை என்ற கணக்கு ஒன்று பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூலை 19 சாட்சி. கிரவுட்ஸ்டிரைக் மென்பொருளின் கெர்னல் பகுதி, 20 மதிப்புகளே வந்த இடத்தில் 21-ஆவதைப் படிக்கப் போனது. மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. அங்கே எதிரி யாரும் இல்லை. எண்ணிக்கையைச் சோதிக்கும் வரிதான் இல்லை.

பதிவுகளை ஃபங்ஷனுக்குள் உள்ளூர் அரேயாக வைக்கலாமே என்று தோன்றும். எக்ஸ்86-64-இல் கெர்னல் ஸ்டாக் மொத்தமே 16 கேபி. வழியில் உள்ள எல்லா ஃபங்ஷன்களுக்கும் அதுதான். 64 பிட் கெர்னலில் ஒரு ஃபங்ஷன் 2048 பைட்டைத் தாண்டினால் கம்பைலர் வழக்கமாக எச்சரிக்கும். 4096 பைட் அரேயைக் கேமல்லாக் (கெர்னலின் மல்லாக்) பக்கம் அனுப்புங்கள்.

எங்கே அழைக்கக் கூடாது

நகலெடுக்கும்போது தூங்க நேரலாம் என்றோம். ஆகவே ஸ்பின்லாக் (தூங்காமல் காத்திருக்கும் பூட்டு) பிடித்திருக்கும்போதும், இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளும் (சாதனம் குறுக்கிடும்போது ஓடும் ஃபங்ஷன்) காப்பி_ஃப்ரம்_யூசர் கூடாது. இன்டரப்டில் இன்னொரு சிக்கலும் உண்டு: அப்போது ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் யாருடையது என்றே தெரியாது. அதே முகவரி இன்னொருவர் வீட்டு எண்ணாக இருக்கும். ஜிஎஃப்பி_கெர்னல் கொடியோடு கேமல்லாக் அழைப்பதும் தூங்கக்கூடியதுதான், அதுவும் அங்கே கூடாது.

மியூடெக்ஸ் பிடித்துக்கொண்டு நகலெடுத்தால் விதிப்படி தவறில்லை. இருந்தாலும் தவிர்க்கச் சொல்வோம். யூசர்ஃபால்ட்எஃப்டி என்ற வசதிக்கு அனுமதி இருந்தால், பேஜ் ஃபால்ட்டைப் பயனர் தன் விருப்பத்துக்கு இழுத்தடிக்க முடியும். அதுவரை உங்கள் பூட்டு அவர் கையில், மற்றவர்கள் வரிசையில். மேலே உள்ள படிகளில் பூட்டு ஐந்தாம் படியில் மட்டும் வருவது அதனால்தான்.

திருப்பிக் கொடுக்கும்போது

நம் பதிவின் புலங்களைக் கூட்டினால் 1 + 4 + 8 = 13 பைட். கம்பைலர் சொல்லும் அளவு 16. வகைக்கும் ஆளெண்ணுக்கும் நடுவில் 3 பைட் வெற்றிடம் இருக்கிறது. மூன்று புலங்களையும் நிரப்பிவிட்டு 16 பைட்டைக் காப்பி_டு_யூசர் செய்தால், அந்த 3 பைட்டில் அந்த இடத்தில் முன்பு இருந்த கெர்னல் தரவு எதுவோ அது பயனருக்குப் போய்ச் சேரும். ஒரு முறைக்கு 3 பைட் சின்ன விஷயம்தான். சுற்றில் போட்டு ஆயிரம் முறை கேட்டால் கெர்னல் முகவரிகளின் துண்டுகள் கிடைக்கத் தொடங்கும். நிரப்புவதற்கு முன் மெம்செட் வைத்து முழு அமைப்பையும் பூஜ்யமாக்குங்கள். ஹீப்பில் என்றால் கேஸெட்அல்லாக். அறிவிக்கும் வரியிலேயே புலங்களுக்கு மதிப்புக் கொடுப்பது வெற்றிடத்தைத் துடைக்கும் என்று நம்ப வேண்டாம். இன்னும் நல்லது, அந்த 3 பைட்டுக்கு நீங்களே 'ஒதுக்கீடு' என்று ஒரு புலம் வைத்துப் பூஜ்யம் எழுதுவது.

பயனர் கேட்ட நீளம், உங்களிடம் இருக்கும் நீளம், இரண்டில் சிறியதை மட்டும் கொடுங்கள். ஹார்டன்ட் யூசர்காப்பி என்ற பாதுகாப்பு 4.8 பதிப்பிலிருந்து (2016) இருக்கிறது. ஒதுக்கிய பொருளின் எல்லையைத் தாண்டிய நகலை அது தடுக்கும். பொருளுக்குள்ளேயே நடக்கும் கசிவு அதற்குத் தெரியாது.

உடைத்துப் பார்ப்பது

நல்ல தரவு கொடுத்து ஓடுகிறதா என்று பார்ப்பது சோதனையில் சேராது. ரூட் அல்லாத பயனராக ஒரு சிறு சி நிரல் எழுதி இவற்றைக் கொடுங்கள்: பூஜ்ய முகவரி, மேல்பாதி கெர்னல் முகவரி, எண்ணிக்கை 0, 257, 268,435,457. முகவரிகளுக்கு டிரைவர் −14, எண்ணிக்கைகளுக்கு −22 திருப்ப வேண்டும் (பயனர் நிரலில் ஐஆக்டல் −1 தரும், எர்நோவில் 14 அல்லது 22 இருக்கும்). அடுத்தது பக்க ஓரம். எம்மாப் வைத்து இரண்டு பக்கம் எடுத்து, இரண்டாவதை மன்மாப் செய்து, முதல் பக்கத்தின் கடைசி 10 பைட்டில் தலைப்பு தொடங்கும்படி வையுங்கள். 6 பைட் வெளியே தொங்கும். இங்கும் −14 வர வேண்டும். திரும்பும் எண்ணைத் தவறாகக் கையாண்ட டிரைவர் இங்கேதான் மாட்டும். கடைசியாக இரண்டு த்ரெட்: ஒன்று ஐஆக்டலை ஓயாமல் அழைக்கட்டும், மற்றது எண்ணிக்கையை 10-க்கும் 5000-க்கும் மாற்றிக்கொண்டே இருக்கட்டும். பத்து நிமிடம் விடுங்கள்.

இந்தச் சோதனைகளை கேஸான் என்ற நினைவகப் பிழை பிடிக்கும் வசதி இயக்கிய கெர்னலில் ஓட்டினால்தான் முழுப் பலன். 8 பைட்டுக்கு 1 பைட் வீதம் நிழல் கணக்கு வைத்து, எல்லை மீறிய படிப்பையும், விடுவித்த பிறகு தொடுவதையும் அந்த வரியிலேயே பிடிக்கும். இதற்குக் கெர்னலை நீங்களே கட்ட வேண்டும். முழு கிட் வரலாற்றை இறக்கினால் பல ஜிபி போகும், டேட்டா தாங்காது. ஒரு பதிப்பின் சுருக்கிய மூலக் கோப்பு சுமார் 150 எம்பிதான். அமைப்பில் கேஸானோடு டீபக்_அட்டாமிக்_ஸ்லீப்பையும் இயக்குங்கள். ஸ்பின்லாக்குக்குள் தூங்கினால் உடனே கத்தும். பழைய மடிக்கணினியில் கட்ட மணிக்கணக்கில் ஆகும், படுக்கப் போகும் முன் தொடங்கிவிடலாம்.

ஸ்பார்ஸுக்கு இவ்வளவு கூட வேண்டாம். தொகுப்பை நிறுவி, மாட்யூலை மேக் செய்யும்போது பெரிய எழுத்தில் 'சி', சமக்குறி, 2 என்று சேர்த்தால் போதும். '__யூசர்' குறி போட்ட பாயின்டரை நேரடியாகத் திறந்த வரியைக் காட்டிக் கொடுக்கும்.

ஊப்ஸ் வந்தால்

டிமெஸக் (கெர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) வெளியீட்டை மேலிருந்து படியுங்கள். முதல் ஊப்ஸ்தான் உண்மை, அடுத்தடுத்து வருபவை அதன் எதிரொலி. பேஜ் ஃபால்ட் வரியில் 'பெர்மிஷன்ஸ் வயலேஷன்' என்றும், முகவரி கீழ்ப்பாதியிலும் இருந்தால், பெரும்பாலும் பயனர் பாயின்டரை நேரடியாகத் திறந்திருக்கிறீர்கள், ஸ்மாப் பிடித்திருக்கிறது. முகவரி 8, 16 போல மிகச் சிறிய எண் என்றால் நல் பாயின்டர் வழியாக ஒரு புலத்தைத் தொட்டிருக்கிறீர்கள். எண் அந்தப் புலத்தின் தூரம். ஸ்லப் டீபக் இயங்கும் கெர்னலில், பதிவேடுகளில் 6-உம் 'பி'-யும் மாறி மாறி நிறைந்திருந்தால், கேஃப்ரீ செய்த இடத்தை மறுபடி படித்திருக்கிறீர்கள். ஆர்ஐபி வரியில் ஃபங்ஷன் பெயரும் தூரமும் இருக்கும். அதை மூல அடைவின் ஸ்கிரிப்ட்ஸுக்குள் உள்ள எஃப்ஆடர்2லைனிடம் கொடுத்தால், டீபக் தகவலோடு கட்டியிருக்கும் பட்சத்தில் வரி எண்ணைச் சொல்லும்.

ஊப்ஸ் வந்த மெய்நிகர் கணினியில் ஆர்எம்மாட் செய்து தொடர முயலாதீர்கள். செத்த ப்ராசஸ் பிடித்திருந்த மியூடெக்ஸ் பூட்டியபடியே கிடக்கும், மாட்யூல் 'பயன்பாட்டில் உள்ளது' என்று வெளியேற மறுக்கும். டிமெஸக்கை வெளியே ஒரு கோப்பில் எடுத்து வைத்துக்கொண்டு ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புங்கள்.